தன்னிச்சையற்ற ஒப்புதல் வாக்குமூலம்: நீதிமன்றம் எப்போது ஏற்க மறுக்க வேண்டும்?

குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், "இந்தக் குற்றத்தை நான்தான் செய்தேன்" என்று தாமே கூறுவது ஒப்புதல் வாக்குமூலம் எனப்படும். அடி, அச்சுறுத்தல், ஆசை வார்த்தை, பொய்யான உறுதிமொழி ஆகியவற்றால் அது பெறப்பட்டிருந்தால் அது தன்னிச்சையற்ற வாக்குமூலம் ஆகும். இந்தியக் குற்றவியல் சட்டம் இத்தகைய வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்பதில்லை. இந்த விதி எப்படித் தோன்றியது, எங்கெங்கு பொருந்தும், அதில் உள்ள இடைவெளிகள் எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலை, அவற்றைச் சுற்றியுள்ள பழைய தென்னார்க்காடு பகுதி ஆகியவற்றிலிருந்து தரப்படுகின்றன.

சென்னை மாகாணத்தில் வேர்விட்ட விதி

காவலரிடம் கூறிய ஒப்புதல் செல்லாது என்பது மேலைநாட்டிலிருந்து அப்படியே இறக்குமதியான விதி அன்று. இங்கிலாந்தில் 1783 ஆம் ஆண்டின் வாரிக்‌ஷால் வழக்கிலேயே, ஆசையாலும் அச்சத்தாலும் வரவழைத்த ஒப்புதலை நம்ப முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் அங்கு காவலரிடம் கூறிய ஒப்புதல் அனைத்தையும் ஒட்டுமொத்தமாக விலக்கும் விதி இல்லை. அந்தக் கடுமையான விதி இந்தியாவில் உருவானது. அதன் பின்னணியில் சென்னை மாகாணம் இருந்தது.

1854 இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தைத் தொடர்ந்து, சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. அது 1855 இல் அறிக்கை அளித்தது. நிலவரி வசூலிப்பதற்கும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் சித்திரவதை பரவலாகப் பயன்பட்டதை ஆணையம் உறுதிசெய்தது. விரல்களை மரச்சட்டங்களுக்கு இடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி', உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி நிறுத்தும் 'அண்ணாந்தாள்' ஆகிய தமிழ்ச் சொற்கள் இந்த அறிக்கை வழியாக ஆங்கில ஆவணங்களில் இடம்பெற்றன.

இதன்பின் 1859 இல் சென்னைக் காவல் சட்டம் வந்தது. 1861 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவலரிடம் கூறிய ஒப்புதலைச் சாட்சியமாகப் பயன்படுத்தத் தடை விதித்தது. அந்தத் தடை 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 25, 26 ஆம் பிரிவுகளாக இடம்பெற்றது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், 2023 இல் அது 23 ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

சட்டம் இன்று சொல்வது

முதன்மையான விதிகளைச் சுருக்கமாகப் பின்வருமாறு கூறலாம்.

1. அதிகாரத்தில் உள்ள ஒருவர் தூண்டுதல், அச்சுறுத்தல், கட்டாயம் அல்லது வாக்குறுதி மூலம் பெற்ற ஒப்புதல் ஏற்கத்தக்கதன்று (பழைய பிரிவு 24, புதிய பிரிவு 22). 'கட்டாயம்' என்ற சொல் 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

2. காவல் அலுவலரிடம் கூறிய ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது (பழைய பிரிவு 25). அடித்தார்களா இல்லையா என்ற கேள்வியே இங்கு எழாது. காவலர் அன்பாகப் பேசிப் பெற்றிருந்தாலும் அது செல்லாது.

3. காவல்துறையின் பிடியில் இருக்கும்போது வேறு ஒருவரிடம் கூறிய ஒப்புதலும், நடுவர் ஒருவர் நேரில் இருந்தாலன்றிச் செல்லாது (பழைய பிரிவு 26).

4. காவலில் உள்ளவர் தந்த தகவலால் ஒரு பொருளோ உண்மையோ கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தெளிவாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் மெய்ப்பிக்கலாம் (பழைய பிரிவு 27).

5. அரசமைப்புச் சட்டத்தின் 20(3) ஆம் உறுப்பு, குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது.

"விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். அது காவல் நிலையத்தில் கூறப்பட்டதாக இருந்தால், விசாரணை நீதிமன்றத்தில் அந்த வாக்கியத்திற்குச் சாட்சிய மதிப்பு எதுவும் இல்லை.

ஏன் ஏற்க மறுக்க வேண்டும்?

இதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது நம்பகத்தன்மை. வலி தாங்காதவர் வலியை நிறுத்தும் சொல்லைச் சொல்வார். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாவது மனித மாண்பு. ஒருவருடைய வாயையே அவருக்கு எதிரான கருவியாக்க அரசுக்கு உரிமை இல்லை. மூன்றாவது புலனாய்வின் தரம். அடித்தால் வழக்கு முடியும் என்ற நிலை இருந்தால், கைரேகை, தடயம், சாட்சி ஆகியவற்றைத் தேடி அலைய எவரும் முன்வர மாட்டார்கள்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். நம்பகத்தன்மை மட்டுமே காரணம் என்றால், வேறு சான்றுகளால் உண்மை எனத் தெரிந்த ஒப்புதலை, அடித்துப் பெற்றதாக இருந்தாலும் ஏற்கலாம் என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கும். மற்ற இரு காரணங்களும் அந்த முடிவைத் தடுக்கின்றன. உச்ச நீதிமன்றம் சங்கரியா வழக்கில் (1978) இதை இரண்டு படிகளாக வகுத்தது. முதலில் ஒப்புதல் தன்னிச்சையானதா என்று பார்க்க வேண்டும். ஆம் என்றால் மட்டுமே, அது உண்மையானதா என்று பார்க்க வேண்டும். முதல் படியில் தவறிய வாக்குமூலம் இரண்டாம் படிக்கே செல்லாது.

தென்னார்க்காட்டு அனுபவம்

கள்ளக்குறிச்சி முன்பு தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 செப்டம்பர் முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது. 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. இப்பகுதியின் இரண்டு நிகழ்வுகள், இந்த விதி யாரைக் காக்க வேண்டியுள்ளது என்பதைக் காட்டுகின்றன.

1993 மார்ச்சில் விருத்தாசலம் அருகே உள்ள முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, நகைத் திருட்டு வழக்கு ஒன்றில் கம்மாபுரம் காவலர்களால் பிடித்துச் செல்லப்பட்டார். அவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி. காவலில் தாக்கப்பட்டு இறந்தார். அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவல்துறை கூறியது. அவருடைய மனைவிக்காக வழக்கறிஞர் கே. சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அதன் வழியே உண்மை வெளிவந்தது. பின்னர் காவலர்கள் தண்டிக்கப்பட்டனர். 2021 இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படம் இவ்வழக்கை அடிப்படையாகக் கொண்டது.

2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே, திருட்டு வழக்கு விசாரணை என்ற பெயரில் இருளர் குடும்பம் ஒன்றைக் காவலர்கள் அழைத்துச் சென்றனர். அக்குடும்பத்தைச் சேர்ந்த பெண்கள் நால்வர் காவலர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் அளித்தனர். காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். திருக்கோவிலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது.

இவ்விரு நிகழ்வுகளும் திருட்டு வழக்குகளில் தொடங்கியவை என்பதைக் கவனிக்கலாம். சிறிய திருட்டில் தடயம் குறைவு. நகையை மீட்க வேண்டிய நெருக்கடி மிகுதி. ஒரு காலத்தில் குற்றப் பரம்பரையினர் எனச் சட்டமே முத்திரை குத்திய சமூகங்கள் எளிதான இலக்குகளாகின்றன. அச்சுறுத்தல் என்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உடல் மீது மட்டும் நிகழ்வதில்லை என்பதையும் இரண்டாவது நிகழ்வு நினைவூட்டுகிறது. மனைவியை, தாயை, குழந்தையைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டுப் பெறும் ஒப்புதலும் தன்னிச்சையானதன்று.

'தோன்றினால்' போதும்

பழைய 24 ஆம் பிரிவின்படி ஒப்புதலை விலக்க, அது கட்டாயத்தால் பெறப்பட்டதாக நீதிமன்றத்துக்குத் 'தோன்றினால்' போதும். சட்டம் 'மெய்ப்பிக்கப்பட்டால்' என்று சொல்லவில்லை. பியாரே லால் பார்கவா வழக்கில் (1963) உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லை விளக்கியது. கண்டிப்பான நிரூபணம் தேவையில்லை. சூழ்நிலையைப் பார்க்கும்போது அத்தகைய ஐயம் நியாயமாக எழுந்தாலே போதும் என்பது அதன் சாரம்.

இதற்குக் காரணம் எளிது. பூட்டிய அறைக்குள் நடந்ததற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் அடித்தவர்கள்தான். எனவே அடிபட்டவர் முழுமையாக மெய்ப்பிக்க வேண்டும் என்று கேட்பது, மெய்ப்பிக்கவே முடியாததைக் கேட்பதாகும். காவலில் ஏற்பட்ட காயத்துக்குக் காவலரே காரணம் என நீதிமன்றம் அனுமானிக்க இடமளிக்கும் புதிய பிரிவு ஒன்றைச் சேர்க்கலாம் என்று சட்ட ஆணையம் 1985 இல் பரிந்துரைத்தது. 2023 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது சேர்க்கப்படவில்லை.

கண்டெடுப்பு விதியும் அதன் ஆபத்தும்

காவல் நிலைய ஒப்புதல் முழுவதும் செல்லாது என்றாலும், பழைய 27 ஆம் பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்துள்ளது. கல்வராயன் மலைச் சூழலில் ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

சாராய வழக்கில் கைதான ஒருவர் இவ்வாறு சொன்னதாகக் காவல்துறை எழுதுகிறது: "நான்தான் சாராயம் காய்ச்சி விற்றேன். ஊறலை ஓடைக்கு அருகே உள்ள புதரில் பேரலில் புதைத்து வைத்திருக்கிறேன். அழைத்துச் சென்றால் எடுத்துக் காட்டுகிறேன்." அதன்படி பேரல் கிடைக்கிறது. இதில் "காய்ச்சி விற்றேன்" என்ற பகுதி நீதிமன்றத்தில் செல்லாது. பேரல் எங்கே இருக்கிறது என்று கூறிய பகுதி மட்டும் செல்லும். சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பகுதியிலிருந்து சென்ற புலுக்குரி கோட்டையா வழக்கில் (1947) பிரிவுக் கழகம் இந்தக் கோட்டை வரைந்தது. கண்டெடுக்கப்பட்ட உண்மை என்பது பொருள் மட்டுமன்று. அது இருந்த இடமும், அந்த இடம் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதும் அதில் அடங்கும். ஆனால் அந்தப் பொருளை அவர் என்ன செய்தார் என்ற பழைய வரலாறு அடங்காது.

இங்கே நீதிமன்றம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அந்த இடம் காவலர்களுக்கு முன்பே தெரியுமா? தெரிந்திருந்தால் அது கண்டெடுப்பே அன்று. ஓடைக்கரை எல்லோரும் நடமாடும் இடமா? ஆம் என்றால் சான்றின் எடை குறையும். கைப்பற்றுதல் மகசரில் கையெழுத்திட்ட சாட்சிகள் உண்மையில் உடன் சென்றார்களா? சொன்ன சொற்கள் அப்படியே பதிவாகியுள்ளனவா? ஒரே மாதிரி வாசகம் பல வழக்குகளில் திரும்பத் திரும்ப வருவது ஐயத்திற்குரியது.

மிக முக்கியமான கேள்வி, அந்தத் தகவலே அடித்துப் பெறப்பட்டதா என்பது. பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்த காத்தி காலு ஓகட் வழக்கில் (1961), 27 ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானதன்று என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் தகவல் கட்டாயப்படுத்திப் பெறப்பட்டிருந்தால் 20(3) ஆம் உறுப்பு குறுக்கே நிற்கும் என்றும் தெளிவுபடுத்தியது. செல்வி வழக்கில் (2010) உண்மை கண்டறியும் மருந்து, மூளை அலைப் பதிவு, பொய் கண்டறியும் கருவி ஆகியவற்றை ஒருவரின் இசைவின்றிப் பயன்படுத்தக் கூடாது என்றும் கூறப்பட்டது. விசாரணை நீதிமன்றங்களில் இந்த வரம்பு போதிய அளவு வலியுறுத்தப்படுவதில்லை. பொருள் கிடைத்துவிட்டது என்பதே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாறு கொண்டால், அடிப்பதற்கான தூண்டுதல் அப்படியே நீடிக்கும்.

காவல் அலுவலர் யார்?

மலைப்பகுதி மக்களுக்கு இந்தக் கேள்வி நடைமுறையில் மிக முக்கியமானது. மதுவிலக்கு வழக்குகளைத் தமிழ்நாட்டில் காவல்துறை நடத்துகிறது. எனவே அங்கே கூறிய ஒப்புதல் செல்லாது. ஆனால் வன வழக்குகளில் விசாரிப்பவர் வனத்துறை அலுவலர். வன அலுவலர் காவல் அலுவலர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1990களில் கூறியுள்ளது. ஆகவே அவரிடம் கூறிய ஒப்புதலைக் காவலர் என்ற காரணத்தால் விலக்க முடியாது. கட்டாயம் இருந்ததா என்ற 24 ஆம் பிரிவின் கேள்வி மட்டுமே பாதுகாப்பாக எஞ்சுகிறது.

கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் பலர் கூலி வேலைக்காக ஆந்திரத்திற்குச் சென்று, செம்மர வழக்குகளில் கைதாகியுள்ளனர். அங்கு வழக்கு ஆவணங்கள் தெலுங்கில் எழுதப்படுகின்றன. தமக்குத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கைரேகை வைப்பதை 'ஒப்புதல்' என்று சொல்வது கடினம். 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில், தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் குற்றம் சாட்டப்பட்டனர். அவர்களைத் திருப்பதி நீதிமன்றம் 2016 இல் விடுவித்தது. அதற்குள் பலர் நீண்ட காலத்தைச் சிறையில் கழித்துவிட்டனர்.

போதைப்பொருள் வழக்குகளில் இந்த நிலை மாறியுள்ளது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் அதிகாரம் பெற்ற அலுவலர்களும் 25 ஆம் பிரிவின் பொருளில் காவல் அலுவலர்களே என்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அணிந்துள்ள சீருடையின் நிறத்தைக் காட்டிலும் கையில் உள்ள அதிகாரமே முக்கியம் என்பது அதன் அடிப்படை. அதே நியாயம் வன அலுவலருக்கும் பொருந்த வேண்டும் என்ற வாதத்தில் வலு உள்ளது.

தமிழ்நாட்டில் பழகிப்போன மற்றொரு முறை, கிராம நிர்வாக அலுவலரிடம் சரணடைந்து ஒப்புதல் தந்ததாகக் காட்டுவது. அவர் காவலர் அல்லர் என்பதால் அதை உடனே தள்ள முடியாது. ஆனால் முன்பின் தெரியாத அலுவலரிடம் ஒருவர் ஏன் தேடிச் சென்று கொலையை ஒப்புக்கொள்கிறார் என்ற எளிய கேள்வியை நீதிமன்றங்கள் கேட்கின்றன. விடை இல்லையெனில் அச்சான்றின் எடை மிகக் குறைவு.

நடுவர் முன் தரும் வாக்குமூலம்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164 ஆம் பிரிவு (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183 ஆம் பிரிவு) நடுவர் முன் ஒப்புதலைப் பதிவுசெய்ய வழிவகுக்கிறது. ஒப்புதல் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், தந்தால் அது அவருக்கு எதிராகப் பயன்படும் என்றும் நடுவர் முதலில் விளக்க வேண்டும். தன்னிச்சையாகவே பேசுகிறார் என்று கேள்விகள் கேட்டு நம்பிக்கை கொள்ள வேண்டும். பேச விருப்பமில்லை என்று அவர் சொன்னால், அதற்காக அவரை மீண்டும் காவல்துறைக் காவலுக்கு அனுப்பக் கூடாது. சர்வன் சிங் வழக்கில் (1957) சிந்திக்கக் குறைந்தது 24 மணி நேரம் தருவது நல்லது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்கறிஞர் முன்னிலையில் ஒலி, ஒளிப் பதிவு செய்யவும் சட்டம் இடமளிக்கிறது.

இவை சடங்காகிவிட்டால் பயனில்லை. வெளியே காவலர் நிற்கிறார், விசாரணை முடிந்ததும் அவரோடுதான் திரும்ப வேண்டும் என்று நினைப்பவர், "யாரும் மிரட்டவில்லை" என்றுதான் சொல்வார்.

விதிவிலக்கு தந்த பாடம்

தடா சட்டத்தின் 15 ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் பதிவுசெய்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றது. 1994 இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கும் விசாரணை நீதிமன்றம் 1998 சனவரியில் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏழு பேரின் தண்டனையைத் தவிர மற்றவர்களை விடுவித்தது. அவர்களுள் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி தியாகராஜன், அதில் ஒரு பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013 இல் வெளிப்படையாகக் கூறினார். வாங்கிய மின்கலம் எதற்கு என்று தமக்குத் தெரியாது என்பதே விடுபட்ட பகுதி. பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார்.

இலங்கையில் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதே பாதையில் மேலும் சென்றது. அது ஒப்புதல் தன்னிச்சையற்றது என்று மெய்ப்பிக்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் மீதே வைத்தது. சிங்களம் தெரியாத சிங்கராசா என்ற தமிழர், சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் வைத்த கைரேகையைக் கொண்டு தண்டிக்கப்பட்டார். அது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004 இல் முடிவு கூறியது.

எதிர்வாதம்

ஒப்புதலை விலக்கினால் குற்றவாளி தப்பிவிடுவார் என்று சிலர் வாதிடுவர். 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது எழுந்த சினம் நியாயமானது. அத்தகைய வேளையில் விரைவான ஒப்புதல் ஆறுதலாகத் தோன்றும். ஆனால் அத்தகைய வழக்கில் மெத்தனால் எங்கிருந்து வந்தது, யார் வாங்கினார், பணம் யாரிடம் சென்றது என்பவற்றை ஆவணங்களும் ஆய்வக அறிக்கைகளும் காட்ட முடியும். கடைசியில் விற்ற கூலியாளின் ஒப்புதலோடு வழக்கு நின்றுவிட்டால், பெரிய கைகள் தப்பிவிடும். கட்டாய ஒப்புதல் அப்பாவியைச் சிக்க வைப்பதோடு உண்மையான குற்றவாளியையும் மறைக்கிறது.

தொகுப்பு

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நிலைகளில் நீதிமன்றம் ஒப்புதலை ஏற்க மறுக்க வேண்டும் எனலாம்.

• அது காவல் அலுவலரிடமோ, அவருக்கு இணையான புலனாய்வு அதிகாரம் கொண்டவரிடமோ கூறப்பட்டிருந்தால்.

• அடி, உறக்கமின்மை, குடும்பத்தினரைப் பிடித்து வைத்தல், பிணை வாங்கித் தருவதாக ஆசை காட்டுதல் ஆகியவற்றின் நியாயமான ஐயம் எழுந்தால்.

• சட்டம் விதித்த காலத்துக்குமேல், அதாவது 24 மணி நேரத்துக்குமேல், நடுவர் முன் நிறுத்தாமல் வைத்திருந்த காலத்தில் பெறப்பட்டிருந்தால். கைது நாள் குறித்த பதிவுகளைத் தொலைபேசி, கண்காணிப்புக் கேமரா பதிவுகளோடு ஒப்பிட்டால் இது தெரியவரும்.

• அவருக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்டு, அவருடைய மொழியில் படித்துக் காட்டப்படாமல் இருந்தால்.

• நடுவர் முன் தரப்பட்டதாயினும், எச்சரிக்கையும் அவகாசமும் பெயரளவில் மட்டுமே இருந்தால்.

• கண்டெடுப்புக்கு வழிவகுத்த தகவலே கட்டாயத்தால் பெறப்பட்டிருந்தால்.

காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது. கைதானவரை மருத்துவர் பரிசோதிக்கவும், வழக்கறிஞரைச் சந்திக்கவும் சட்டம் உரிமை தருகிறது. காவலுக்கு அனுப்பும் முதல் நாளில், "அடித்தார்களா?" என்று நடுவர் காவலரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்பதும், உடலில் உள்ள காயத்தைத் தாமே பார்த்துக் குறித்து வைப்பதும் இந்த உரிமைகளுக்கு உயிர் தரும். ஆண்டுகள் கழித்து வரும் தீர்ப்பைவிட அந்த முதல் நாள் குறிப்பு, வெள்ளிமலையிலிருந்து வந்து நிற்கும் கூலித் தொழிலாளிக்கு அதிகப் பாதுகாப்பைத் தரும்.